சாவிக்கொத்தில் ஒரு வழிநூல்

நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்துக் காட்டியவர் நன்னூலார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வகுத்த இப்பகுப்பை, ஆசிரியப் பயிற்சி பெற்ற தமிழாசிரியர் பலரும் ஒருகாலத்தில் மனனம் செய்து ஒப்புவித்தவரே. முன்னவன் கண்ட முடிவை ஏற்றுக்கொண்டு, பின்வருபவன் தான் விரும்பும் வேறுபாட்டையும் அதனுள் அமைத்து, மரபு கெடாமற் செய்வது வழிநூல் என்பது அதன் பொருள். இந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஓர் அடுக்குமாடி வீட்டின் உணவு மேசையில் பள்ளி மாணவர் ஒருவர் செய்து முடிக்கும் சாவிக்கொத்துப் பதக்கத்தை அளக்கப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். கம்பனையும் வில்லியையும் அளந்த கோலால் இதனையும் அளப்பதா என்று கேட்பாரும் உளர். எனினும் அளந்து பார்த்தாலன்றி அச்சிறு பொருளின் தகுதியும் தெரியாது, குறையும் தெரியாது.

பொருள் இன்னதென முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. தமக்கு விருப்பமான வீடியோ விளையாட்டில் வரும் உருவம் ஒன்றை, பிளாஸ்டிக் மணி, களிமண், சுருங்கும் தாள், பிசின் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றால் சிறிதாகச் செய்து, வளையம் கோத்துச் சாவியோடும் பள்ளிப் பையோடும் தொங்கவிடுவர் இளையோர். பை நிறையத் தொங்கினும் வீட்டுச் சாவி ஒன்றேனும் அதில் இருப்பதில்லை என்பது வேறு செய்தி. 'சாவி' என்னும் சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. திறவுகோல் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கவும், மலாக்காவை 1511இல் கைப்பற்றிய அம்மொழியினரின் சொல்லே நம் இல்லங்களில் நிலைத்துவிட்டது. இடுப்பில் கொத்துச்சாவி செருகியிருப்பது ஒருகாலத்தில் வீட்டுத் தலைவியின் அதிகாரச் சின்னம். இன்று பள்ளிப் பையில் தொங்கும் கொத்து அதிகாரத்தைக் காட்டுவதன்று. 'எனக்குப் பிடித்தது இது' என்பதை எதிரே வருபவருக்கு அறிவிப்பது. ஒருவகையில் அது மாணவர் தாமே எழுதி வெளியிடும் விமர்சனக் குறிப்பு எனலாம்.

பள்ளிகள் இப்பொருளை இரண்டு விதமாக எதிர்கொள்கின்றன. ஒன்று, 'விளையாட்டுப் பித்து' என்று ஒதுக்குவது. மற்றொன்று, கண்காட்சி மேசையில் வைத்து, 'கைவண்ணம்' என்று பாராட்டி, அனைவருக்கும் ஒரேமாதிரி நற்சான்றிதழ் வழங்குவது. முதலாவதில் அன்பில்லை. இரண்டாவதில் மதிப்பீடு இல்லை. 2011ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், காட்சிக் கலைக்கல்வி என்பது படம் வரைதல், கோலமும் வடிவமைப்பும், உருவாக்குதலும் கட்டுதலும், மரபுக் கைவினை என்னும் நான்கு துறைகளாக அமைந்தது. வாவ் பட்டம், பாத்தேக், பாய் முடைதல் ஆகியவை நான்காம் துறையில் இடம்பெற்றன. மாணவர் மாலையில் வீட்டில் தாமே விரும்பிச் செய்யும் பதக்கமோ இரண்டாம் துறைக்கும் மூன்றாம் துறைக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. ஆசிரியர் கேளாமலே, மதிப்பெண் இல்லாமலே, இரவு 10 மணிவரை விழித்திருந்து செய்யப்படும் கைவேலை பள்ளி வயதில் வேறு எத்தனை உண்டு என எண்ணிப் பார்ப்பின், இதற்கு ஓர் அளவுகோல் தேவை என்பது விளங்கும். கட்டுரை நோட்டில் காணும் பிழையைச் சிவப்பு மையால் சுட்டுபவர், பதக்கத்தில் காணும் பிழையை ஏன் சுட்டவில்லை என்பதே கேள்வி. சுட்டாமல் விடுவது, அது கவனிக்கத் தக்கதன்று என்று சொல்லாமற் சொல்வதாகும்.

வீடியோ விளையாட்டின் தொடக்ககால உருவங்கள் கைவினைக்கு இயல்பாகவே இணங்குவன. 1978இல் ஜப்பானின் தைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் நாம்கோ வெளியிட்ட 'பேக்மேன்' ஆகியவற்றின் உருவங்கள் சதுரப் புள்ளிகளால் ஆனவை. அக்காலப் பொறிகளுக்கு நினைவாற்றல் மிகக் குறைவு. எனவே புள்ளிகளும் குறைவு. அக்குறைவே உருவத்தைச் செதுக்கியது. 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக ஷிகெரு மியாமோட்டோ அமைத்த தச்சன் உருவமே பின்னர் 'மரியோ' ஆயிற்று. சில புள்ளிகளில் தலைமயிரை வரைய இயலாது. ஆதலால் தொப்பி வந்தது. மூக்கையும் வாயையும் பிரித்துக் காட்ட இயலாது. ஆதலால் மீசை வந்தது. கை அசைவது தெரியவேண்டும்; ஆதலால் மேலங்கியின் நிறமும் கையின் நிறமும் வேறுபட்டன. 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் சிறிய மரியோ 12 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் உடையவன். மொத்தக் கட்டம் 192. அதற்குள் ஒரு முகம், ஒரு தொழில், ஒரு துள்ளல் எல்லாம் அடங்கிவிட்டன. இரண்டு அடியில் முழுப் பொருளையும் அடக்கக் கற்ற மொழியினர் இதைக் கண்டு வியக்காமல் இருத்தல் அரிது.

அப்புள்ளிகளுக்கு ஏற்ற பொருளாக அமைந்தவை இஸ்திரிப்பெட்டியால் சூடேற்றி ஒட்டவைக்கும் சிறு பிளாஸ்டிக் மணிகள். டென்மார்க்கின் 'ஹாமா', அமெரிக்காவின் 'பெர்லர்' ஆகிய பெயர்களில் அறியப்படும் இம்மணிகள் முளைகள் வரிசையாக நிற்கும் தட்டில் ஒவ்வொன்றாகச் செருகப்படும். வழக்கமான பெரிய சதுரத் தட்டில் 29 வரிசை, வரிசைக்கு 29 முளை. மேலே எண்ணெய் ஒட்டாத சமையல் தாளை விரித்து, இஸ்திரிப்பெட்டியை வட்டமாக மெல்ல நகர்த்தினால் மணிகள் உருகி ஒன்றோடொன்று பற்றும். புள்ளி ஒன்றுக்கு மணி ஒன்று. வேறு கணக்கே வேண்டியதில்லை.

இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு மரபுரிமை உண்டு. சதுரத் தட்டு நேர்ப்புள்ளிக் கோலத்தின் தரை. அறுகோணத் தட்டு இடைப்புள்ளிக் கோலத்தின் தரை. எட்டுக்கு எட்டு என்று புள்ளி வைத்துத் தொடங்கிய பாட்டியின் விரல் அறிந்ததையே பேரப்பிள்ளையின் விரலும் அறிகிறது. இந்த ஒப்புமை வெறும் கற்பனையன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இணையரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல், கோலத்தைக் கணினியியலின் வடிவ இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, வாசலில் மாவால் இடப்படும் புள்ளிவரிசையைப் பொறிக்குரிய மொழியாகப் படித்துக் காட்டியவர்கள் அவர்கள். மலேசிய மண்ணிலும் இத்தகைய புள்ளிக்கலை ஒன்று உண்டு. மலாக்காவின் பெரனாக்கான் பெண்டிர் சட்டத்தில் துணியைக் கட்டி, கட்டக்கணக்கு வைத்து, மிகச் சிறிய கண்ணாடி மணிகளைத் தைத்து உருவாக்கும் காலணிகள் அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. பொறுமையும் கணக்கும் இரண்டிற்கும் பொது. ஆயினும் ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றைப் பொழுதுபோக்கு என்றும் பிரிப்பது காலத்தின் வழக்கமேயன்றிக் கைவினையின் தீர்ப்பாகாது.

இனி ஒரு பதக்கத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டு சுவீடனின் மார்க்கஸ் பெர்சன் தொடங்கி, 2011இல் முழுமையாக வெளியானது. 2014இல் அதன் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 250 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதில் வரும் 'கிரீப்பர்' என்னும் பச்சை உயிரி, ஓசையின்றி அருகில் வந்து வெடிப்பது. பன்றி ஒன்றை அமைக்கப் புகுந்தபோது நீளமும் உயரமும் தவறி மாறிவிட, அந்தப் பிழை உருவமே கிரீப்பராயிற்று என்பது அதன் பிறப்பு வரலாறு. அதன் முகம் எட்டுக்கு எட்டு, ஆக 64 புள்ளி. 5 மில்லிமீட்டர் மணிகளால் செய்தால் 4 சென்டிமீட்டர்ச் சதுரம். சாவிக்கொத்துக்கென்றே அளந்து வைத்ததுபோன்ற அளவு. அதனால்தான் முதன்முதலில் செய்யப் பழகுவோர் பலரும் இதனைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

எளிமையானது ஆதலாலேயே இதில் தேர்ச்சியும் தேர்ச்சியின்மையும் உடனே தெரிந்துவிடும். விளையாட்டில் அம்முகம் ஒரே பச்சையன்று. வெளிர்ச்சியும் கருமையுமாகப் பல பச்சைகள் சிதறிக் கிடக்கும். மணிப்பெட்டியில் ஒரே பச்சைதான் இருக்கிறது என்பதற்காக முகம் முழுதும் அதனையே நிரப்பினால் கிடைப்பது சாலைக் குறியீட்டுப் பலகை. வெளிர்பச்சை, அடர்பச்சை, சாம்பல் என மூன்றேனும் தேடி எடுத்து, எந்த வரிசையிலும் ஒழுங்கு தென்படாதவாறு கலந்தால்தான் பாசி படர்ந்தது போன்ற அச்சம் பிறக்கும். ஒழுங்கின்றித் தோன்றுமாறு அடுக்குவது ஒழுங்காக அடுக்குவதினும் கடிது. புதிதாகச் செய்வோர் கை தம்மை அறியாமலே இரண்டுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று வரிசை போட்டுவிடும்.

அடுத்தது வளையம். முழுச்சதுர முகத்தில் வளையம் மாட்ட நீட்சி கிடையாது. மேல்விளிம்பின் நடுவே இரண்டு மணிகளைக் கூடுதலாக வைத்துக் காது அமைப்பர் சிலர். முகத்தின் தலைமேல் குடுமி முளைத்ததுபோல் ஆகிவிடும். ஒற்றை மணியை வைத்தால் ஒருவாரத்தில் அறுந்துபோகும். மூலையில் மாட்டினால் சதுரம் சாய்ந்து வைரவடிவாகத் தொங்கும். அந்த உயிரியின் நேர்நோக்கிய வெறிப்பு, தலைசாய்த்துக் கேட்கும் நாய்க்குட்டியின் பார்வையாகிவிடும். மணியிலேயே துளை உண்டு என்பதை உணர்ந்தவர், மேல்வரிசையின் நடு மணிகளைக் குறைவாக உருக்கித் துளை மூடாமல் காத்து, அதன் வழியே மெல்லிய கம்பி வளையத்தைக் கோப்பார். 64 புள்ளி 64ஆகவே நிற்கும். மூலத்தைக் கெடுக்காமல் தன் தேவையை அதனுள் நுழைப்பது என்பது இதுதான். நன்னூலார் சொன்ன மரபு கெடாத வேறுபாடு இவ்விடத்தில் ஒரு மணித்துளையாக நிற்கிறது.

உருக்கும் அளவும் ஒரு நடைத் தேர்வே. மென்மையாக உருக்கினால் மணிகளின் வட்டங்கள் தெரியும்; முற்ற உருக்கினால் பரப்பு ஓடுபோல் தட்டையாகும். சுவரில் மாட்டும் படத்துக்கு முன்னது அழகு. சாவியோடு நாள்தோறும் உரசப்போகும் பொருளுக்கு இருபுறமும் நன்கு உருக வேண்டும். உருக்கிய சூட்டில் கனமான நூலொன்றின் அடியில் வைத்து ஆறவிடாவிட்டால் தகடு வளைந்துவிடும். பள்ளி அகராதிகளுக்கு இவ்வாறும் ஒரு பயன் கிடைத்திருக்கிறது.

புள்ளி உருவங்களின் காலம் கடந்து வந்த விளையாட்டுகளில் சிக்கல் வேறு. 2019இல் புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்ற 'மொபைல் லெஜென்ட்ஸ்', சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' ஆகியவற்றின் மாந்தர் முடியும் ஆடையும் அணியும் செறிந்தவர்கள். அவர்களை 4 சென்டிமீட்டரில் முழுமையாகக் காட்ட முயலும் பதக்கம் எல்லாவற்றையும் சொல்லப் புகுந்து எதையும் சொல்லாத கட்டுரையைப் போன்றது. முகம் பட்டாணியளவு, கண் ஒரு கரும்புள்ளி, பெயர் எழுதினாலன்றி ஆள் இன்னார் எனத் தெரியாது.

இவ்விடத்தில் உதவுவது ஆகுபெயர். வெற்றிலை என்னும் இலையின் பெயர் கொடிக்கு ஆகி வருவதுபோல், உறுப்பொன்று முழுமைக்கு நிற்கச் செய்தல். 'கென்ஷின்' விளையாட்டில் ஆற்றல் பெற்ற மாந்தர் ஒவ்வொருவரும் கண்ணாடிக் குமிழ் போன்ற மணியொன்றை அணிந்திருப்பர். தீ, நீர், காற்று முதலிய ஏழு ஆற்றல்களுள் தமக்குரியதன் குறி அதனுள் ஒளிரும். சிலர் அதனை இடையில் தொங்கவிட்டிருப்பர். முகத்தை விட்டுவிட்டு அம்மணியை மட்டும் செய்பவர் திறனாய்வு அறிந்தவர். விளையாட்டுக்குள் இடையில் தொங்குவது விளையாட்டுக்கு வெளியேயும் பையில் தொங்குகிறது. பொருளின் பணி மாறவில்லை. மாந்தரின் பெயரை அறியாதவர்க்கு அது ஓர் அழகிய மணி. அறிந்தவர்க்கு ஒரு கதை. குறிப்புப் பொருளின் இயல்பே இதுவன்றோ.

மணிக்குமிழைச் செய்யப் பலரும் பிசினை நாடுவர். கண்ணாடி போன்ற தெளிவு வேறெதிலும் வாராது என்பது மெய். ஆனால் இறுகாத பிசின் தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கவல்லது. கையுறையும் காற்றோட்டமும் இன்றித் தொடலாகாது. அடுக்குமாடி வீட்டின் அடைத்த அறையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கையாளும் பொருளன்று அது. அடுப்பில் சுட்டு இறுகவைக்கும் பாலிமர் களிமண் அவர்களுக்கு ஏற்றது. பொதியில் குறித்த வெப்பத்தை, பெரும்பாலும் 130 பாகை செல்சியசு அளவை, மீறாமல் பெரியோர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் உலரும் களிமண் மலிவானது. ஆனால் இந்நாட்டின் ஈரக்காற்றும் கைவியர்வையும் அதன் பகைவர். மேற்பூச்சு இல்லையேல் மழைக்காலத்தில் விளிம்பு மெத்தென்று ஆகி உதிரும்.

கோலாலம்பூரில் 2002இல் தொடங்கிப் பின்னாளில் மாநகர் மாநாட்டு மையத்தில் ஆண்டிறுதியில் நடைபெறும் நிகழ்ச்சியாக வளர்ந்துவிட்ட 'காமிக் ஃபியெஸ்தா' விழாவில், இளம் ஓவியர்கள் மேசை போட்டுத் தம் படைப்புகளை விற்கின்றனர். அங்கே மிகுதியாகக் காணப்படுவது தெளிந்த அக்ரிலிக் தகட்டில் அச்சிட்ட சாவிக்கொத்து. படத்தை வரைந்தது ஓவியரின் கை. அச்சிட்டு, வெட்டி, வளையம் பூட்டியது பெரும்பாலும் தொழிற்கூடம். அவற்றின் அழகைக் குறைகூறுதற்கில்லை. படங்களில் சில, மூலத்தைவிட நகைச்சுவை மிக்கவை. ஆயினும் வீட்டில் செய்தது என்ற சொல்லுக்கு அவை உரியவை ஆகா. எழுத்தாளன் எழுதியதை அச்சகம் அச்சிடுவதோடு இதனை ஒப்பிடலாம் எனின், ஒப்பிடலாம்; ஆனால் கையெழுத்துப் படிக்கும் அச்சுநூலுக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் அந்த ஒப்புமையே காட்டிவிடுகிறது. மணித்தட்டின் முன் அமர்ந்தவர் 12ஆம் வரிசையில் ஒரு மணி தவறியதை 15ஆம் வரிசையில் கண்டு, மூன்று வரிசையையும் கலைக்க நேர்கிறது. அந்தக் கலைத்தலில் கற்கும் பாடம் கோப்பை அனுப்பி ஒரு வாரத்தில் பொட்டலமாகப் பெறுவதில் இல்லை. விழாவுக்குச் சென்று திரும்பும் மாணவர் சிலர், அங்கே கண்ட அச்சுப்பொருளின் வழுவழுப்பைத் தம் வீட்டுப் பதக்கத்திலும் எதிர்பார்த்து, அது இல்லை என்று மனம் தளர்ந்து கைவிடுகின்றனர். ஆசிரியரின் ஒரு சொல் தேவைப்படும் இடம் அது.

விற்பனை என்று வந்துவிட்டால் வேறொரு கணக்கும் வரும். அவ்வுருவங்கள் பிறருடைய படைப்பு. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சில விளையாட்டு நிறுவனங்கள், ரசிகர்கள் சிறு அளவில் செய்து விற்பதற்குத் தனி நெறிமுறைகளை வகுத்துள்ளன, சில வகுக்கவில்லை. தம் பைக்கும் தோழர் பைக்கும் செய்துகொள்வதோடு நிற்பவர்க்கு இது தலைவலியன்று. பள்ளிச் சந்தையில் நிதி திரட்ட விற்க முனையும் ஆசிரியர்கள் மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளல் வேண்டும்.

'எல்லாம் அயலார் உருவங்களே. தமிழ்ப் பிள்ளைகள் இவற்றைச் சுமந்து திரிவதில் தமிழுக்கு ஆவதென்ன?' என்னும் வினா ஆசிரியர் கூட்டங்களில் எழாமல் இராது. முதல்நூல் எம்மொழியது என்பதைக் கொண்டு வழிநூலைத் தள்ளுவதானால் தமிழில் தள்ள வேண்டியவை ஏராளம். தொல்காப்பியரே மொழிபெயர்ப்பை வழிநூல் வகையுள் ஒன்றாக வைத்தவர். சுருக்குதலையும் விரித்தலையும் அவர் அதனோடு சேர்த்தே எண்ணினார். 192 புள்ளியை மணியாக்குவது மொழிபெயர்ப்பு. பல மாந்தர் நிறைந்த கதையை ஒரு குமிழாக்குவது சுருக்கம். கேட்க வேண்டிய கேள்வி, செய்தவர் தமதென்று எதைச் சேர்த்தார் என்பதே. அயல் உருவத்தை அப்படியே படியெடுத்தவரிடமும் குறையுண்டு. தமிழ் உருவம் என்பதற்காகவே கடையில் வாங்கிய மயிற்படத்தை ஒட்டி வளையம் மாட்டியவரிடமும் அதே குறையுண்டு. அச்சிட்ட கோபுரப் படத்தைக் கிரீப்பரைவிட உயர்வென மதிப்பிட்டுப் பரிசளிப்பது பொருளுக்குத் தரும் மதிப்பேயன்றிப் படைப்புக்குத் தரும் மதிப்பாகாது.

அயலது என்ற குறையும் இனி முழுதும் பொருந்தாது. மலேசிய நிறுவனமான மெட்ரோனோமிக் 2020இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்னும் இசைவழி விளையாட்டை வெளியிட்டது. ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய வான் ஹஸ்மெர் அதன் நிறுவனர்களுள் ஒருவர். கித்தார் வாசிக்கும் மேடே, முரசு அறையும் சூக் ஆகிய இருவரின் கருவிகளே பதக்கமாகத் தக்கவை. தமிழரைப் பொறுத்தவரை இதனினும் நெருங்கியது, கனடாவின் டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா'. யாப்பின் பெயரையே தலைப்பாகக் கொண்ட வீடியோ விளையாட்டு ஒன்று தோன்றி, 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமான பாஃப்டாவின் முதற்படைப்பு விருதையும் பெற்றது என்பதை, யாப்பிலக்கணம் கற்பிக்கும் வகுப்பில் சொல்லிப் பார்க்கலாம். பின்வரிசை மாணவர்களும் தலை நிமிர்வர்.

'வெண்பா'வில் போரில்லை, வெடியில்லை. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை அது. ஆடுபவர் செய்வது சமையல். வெண்பாவிடம் தாய் கொடுத்த குறிப்பேடு ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் கறைபட்டும் எழுத்து அழிந்தும் போயின. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதன்பின் எதை இடுவது என அழிந்த வரியை ஆடுபவரே ஊகித்து நிரப்பவேண்டும். மகன் வளரவளர மொழியும் அவனிடமிருந்து நழுவுகிறது. கிள்ளானில் மூன்றாம் நான்காம் தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கு இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விளையாட்டுக்கு ஒரு சாவிக்கொத்து செய்க என்றால், எதைச் செய்வது? பெரும்பாலோர் கை முதலில் வெண்பாவின் முகத்துக்குப் போகும். கூந்தலும் பொட்டும் சேலையும் சேர்ந்தால் அது எந்தத் தமிழ்ப் பெண்ணின் படமாகவும் இருக்கலாம். இட்லித் தட்டு அதனினும் மேல். களிமண்ணில் மூன்று குழித்தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுத்தண்டில் சுழலுமாறு செய்து, தண்டின் தலையிலேயே வளையத்தை மாட்டினால் சாவி ஆடும்போது தட்டும் திரும்பும். விளையாட்டில் கையால் அடுக்கிப் பார்த்த புதிர் கையிலேயே தொங்கும். தெங்கு கிளானா சாலைப் பாத்திரக்கடையில் நின்று உண்மைத் தட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் செய்தால், குழிகளின் அடியிலுள்ள நீராவித் துளைகளையும் ஊசியால் குத்த நினைவு வரும்.

இவ்விரண்டினும் கடினமானதும் இதுவரை சொன்ன அளவுகோலுக்கு மிக இசைந்ததும் குறிப்பேட்டின் பக்கம். அடுப்பில் வைத்தால் சுருங்கும் பிளாஸ்டிக் தாள் இதற்கு ஏற்றது. எழுதி வெட்டிச் சூடேற்றினால் நீளமும் அகலமும் பாதிக்கும் குறைவாக ஒடுங்கி, தகடு பலமடங்கு தடிக்கும். துளையைச் சுடுமுன்பே போட்டுவிட வேண்டும். பின்னர்ப் போட்டால் தகடு விரிசல் விடும். அத்தாளில் மாணவர் தம் வீட்டுச் சமையற் குறிப்பையே, தம் தாயோ பாட்டியோ சொல்லக் கேட்டு, தம் கையெழுத்தில் எழுதலாம். அவ்வாறு எழுதுகையில் அது விளையாட்டின் நகலாக இராது. விளையாட்டு கற்பித்த ஒரு செயலை மாணவர் தம் வீட்டில் நிகழ்த்தியதாகும். ஓரத்தில் ஒரு மூலையைக் கிழித்தாற்போல் வெட்டுவதும், ஒரு வரியைக் கறையால் மறைப்பதும், எந்த வரியை மறைப்பது எனத் தேர்வதும் அவர் உரிமை.

இதில் தமிழ் எழுத்துக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. உரோம எழுத்துகள் சுருங்கினாலும் ஓரளவு படிக்கக் கிடைக்கும். தமிழில் 'ண'வின் சுழிகளும் 'ழ'வின் வளைவும் 'இ'யின் உள்வட்டமும் தடித்த பேனாவால் எழுதப்பட்டிருந்தால் சூட்டில் ஒடுங்கி மையால் மூடிக்கொள்ளும், 'குழம்பு' கரும்புள்ளியாகிவிடும். எனவே நுண்முனைப் பேனாவால், எழுத்துக்கு ஒரு விரற்கடை உயரம் கொடுத்து, சுழிகளைச் சற்று அகலத் திறந்து எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுத ஒரு தாளில் மூன்று வரிக்குமேல் இடமிராது. எனவே மூன்று வரியில் குழம்பு வைக்கும் முறையைச் சொல்ல வேண்டிவரும். புளி முன்னா பின்னா என்பதைத் தாயிடம் மீண்டும் கேட்டு வரவேண்டியும் வரும்.